போருக்குப் பின் மேடை – 9: இஸ்திரிப் பலகையைக் கண்டு அதிர்ந்தவர்கள் யார்?

சென்ற இதழை 1955 ஆகஸ்ட் 3ஆம் தேதி இரவில், லண்டன் ஆர்ட்ஸ் தியேட்டரில் நிறுத்தியிருந்தோம். சாமுவேல் பெக்கெட்டின் 'கோடோவுக்காகக் காத்திருத்தல்' ஆங்கிலத்தில் முதன்முதலாக மேடையேறிய இரவு அது. இயக்கிய பீட்டர் ஹாலுக்கு அப்போது 24 வயது. வரிசைப்படி அடுத்து வரவேண்டியது 1956 மே 8. பிரிட்டிஷ் நாடக வரலாற்றில் இதைவிடப் புகழ்பெற்ற தேதி கிடையாது. அதற்குள் நுழையுமுன் ஒரு கேள்வியைத் தீர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்த இரவைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் யார் சொல்லித் தெரிந்தது?

பாடப்புத்தகங்கள் சொல்லும் கதை இது. ஸ்லோன் சதுக்கத்தில் ராயல் கோர்ட் அரங்கு. ஜார்ஜ் டிவைன் வழிநடத்திய இங்கிலீஷ் ஸ்டேஜ் கம்பெனியின் முதல் பருவம். ஜான் ஆஸ்பர்ன் என்ற, பெயர் தெரியாத நடிகர் எழுதிய 'லுக் பேக் இன் ஆங்கர்'. திரை விலகுகிறது. பணக்கார வீட்டு வரவேற்பறை இல்லை, தோட்டத்தைப் பார்த்துத் திறக்கும் கண்ணாடிக் கதவு இல்லை. இங்கிலாந்தின் நடுப்பகுதி நகரம் ஒன்றில் ஒரு மாடியறை. ஞாயிற்றுக்கிழமை மாலை. இரண்டு ஆண்கள் செய்தித்தாளில் மூழ்கியிருக்க, ஒரு பெண் துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறாள். இஸ்திரிப் பலகையைக் கண்டதுமே அரங்கம் அதிர்ந்தது. பழைய நாடகம் அந்தக் கணத்தில் செத்தது.

நல்ல கதைதான். ஆவணங்களோடு வைத்துப் பார்த்தால் நிறம் மாறுகிறது. மறுநாள் விமர்சனங்கள் கலவையாக வந்தன. ஞாயிற்றுக்கிழமைத் தாள்களில்தான், குறிப்பாக 'அப்சர்வர்' இதழில் கென்னத் டைனன் எழுதியதில்தான், முழுமனதான வரவேற்பு கிடைத்தது. அதற்குப் பிறகும் வசூல் தேறவில்லை. அக்டோபர் 16ஆம் தேதி பி.பி.சி. தொலைக்காட்சி நாடகத்தின் ஒரு பகுதியை ஒளிபரப்பியது. அதன் பிறகே அரங்குக்கு இளைஞர் கூட்டம் வந்தது. அதிர்ச்சி என்று ஒன்று இருந்திருந்தால், அது மே மாதம் ஸ்லோன் சதுக்கத்தில் நிகழ்ந்ததைவிட அக்டோபரில் வீடுகளின் கூடத்தில் நிகழ்ந்தது என்பதே பொருத்தம்.

இஸ்திரிப் பலகைக்கும் முன்னோடிகள் உண்டு. ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1947இல், கிளாஸ்கோ யூனிட்டி தியேட்டர் ஈனா லாமண்ட் ஸ்டுவர்ட்டின் 'மென் ஷுட் வீப்' நாடகத்தை மேடையேற்றியது. அது முழுக்க ஓர் ஏழைத் தொழிலாளர் குடும்பத்தின் சமையலறைக்குள் நடப்பது. பசி, நெரிசல், நோய்ப்பட்ட குழந்தை, வேலையற்ற ஆண்கள் எல்லாம் அந்த மேடையில் இருந்தன. ஆனால் அது லண்டனில் உருவானதல்ல, எழுதியவரும் ஒரு பெண். அந்த நாடகத்துக்கு உரிய கவனம் கிடைக்க 1980கள் வரை ஆயிற்று. ஆக, வீட்டுவேலையை மேடையில் கண்டு அதிர்ந்தவர்கள் லண்டன் விமர்சகர்களும், அவர்களைப் படித்து வரலாறு எழுதியவர்களும்தான். கிளாஸ்கோ தொழிலாளிக்கு அதில் அதிர ஒன்றுமில்லை.

அப்படியானால் 'நான் அங்கிருந்தேன், அரங்கமே மூச்சடைத்துப் போனது' என்று பின்னாளில் ஒருவர் சொன்னால், அவர் பொய் சொல்கிறாரா? பெரும்பாலும் இல்லை. ஜூலையிலோ நவம்பரிலோ பார்த்ததும், தொலைக்காட்சியில் பார்த்ததும், நாற்பது ஆண்டுகளாகப் படித்ததும் மனத்துக்குள் ஒரே இரவாகச் சேர்ந்துவிடுகின்றன. நினைவு அப்படித்தான் வேலை செய்கிறது. பழைய வரலாற்றாசிரியர் இதைக் குறையென்று ஒதுக்கிவிட்டு வசூல் கணக்குப் புத்தகத்துக்குப் போய்விடுவார். வாய்மொழி வரலாறு என்ற துறைக்குத் தனி மதிப்பு வந்ததே, இப்படி ஒதுக்க மறுத்தவர்களால்தான்.

அவர்களில் இத்தாலியரான அலெஸாண்ட்ரோ போர்ட்டெல்லி முக்கியமானவர். டெர்னி என்ற எஃகு நகரில் 1949 மார்ச் 17 அன்று, இத்தாலி நேட்டோவில் சேர்வதை எதிர்த்த ஊர்வலத்தில் லூயிஜி டிராஸ்டுல்லி என்ற இளம் தொழிலாளி போலீசால் கொல்லப்பட்டார். பல ஆண்டுகள் கழித்து போர்ட்டெல்லி அந்த ஊர்க்காரர்களிடம் பேசியபோது, பலர் அந்தச் சாவை 1953இல் வைத்தார்கள். எஃகு ஆலை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை வேலையைவிட்டு அனுப்பியதும், தெருவில் பெரும் மோதல் நடந்ததும் அந்த ஆண்டில்தான். நேட்டோ எதிர்ப்புக்காக ஓர் உயிர் போனது என்பதைவிட, வேலைக்கான போராட்டத்தில் போனது என்பதே அந்த ஊரின் மனத்துக்குப் பொருத்தமாகப் பட்டிருக்கிறது. தேதி பிழை. ஆனால் அந்தப் பிழைதான் டெர்னியின் காயம் எங்கே இருந்தது என்பதைக் காட்டியது. போர்ட்டெல்லி பிழையைத் திருத்தினார். திருத்திய பிறகும் அதைத் தூக்கி எறியவில்லை. அந்தப் பொறுமையை நான் பெரிதும் மதிக்கிறேன். நாடக வரலாற்றுக்கு வேண்டியதும் அதுதான்.

ஏனென்றால் நாடகம் என்பது ஒவ்வோர் இரவும் அழிந்துபோகும் கலை. சினிமாவுக்குப் படச்சுருள் இருக்கிறது, இசைக்கு இசைத்தட்டு இருக்கிறது. 1950களின் நாடகத்தில் மிஞ்சுவது அச்சிட்ட பிரதி, சில புகைப்படங்கள், நிகழ்ச்சித் தாள், மறுநாள் விமர்சனம். விமர்சகர் உட்கார்ந்திருந்தது முன்வரிசையில், இலவச டிக்கெட்டில். மேலே கேலரியில் உட்கார்ந்திருந்தவர் என்ன பார்த்தார், எங்கே சிரித்தார், எதற்காக எழுந்து போனார் என்பது அவர் வாயால் சொன்னால்தான் உண்டு.

இதை உணர்ந்து பிரிட்டிஷ் நூலகமும் ஷெஃபீல்டு பல்கலைக்கழகமும் 2003இல் ஒரு திட்டத்தைத் தொடங்கின. பெயர் தியேட்டர் ஆர்க்கைவ் புராஜெக்ட். போர் முடிந்த 1945 முதல் தணிக்கை ஒழிந்த 1968 வரையிலான நாடகத்தைப் பற்றி, அதில் வேலை செய்தவர்களிடமும் வெறுமனே பார்த்தவர்களிடமும் பேசிப் பதிவு செய்வது நோக்கம். பேட்டி எடுத்தவர்களில் பலர் மாணவர்கள். இருநூறுக்கும் மேற்பட்ட பேட்டிகள் சேர்ந்தன. நட்சத்திர நடிகர்களோடு மேடை உதவியாளர்களும் ஒளியமைப்பாளர்களும், வாரம் தவறாமல் உள்ளூர் அரங்குக்குப் போன ரசிகர்களும் அதில் இருக்கிறார்கள். 1945இல் இருபது வயதாக இருந்தவர் திட்டம் தொடங்கியபோது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். சரியான நேரத்தில், ஏறக்குறைய கடைசி நேரத்தில், செய்த வேலை.

இந்தப் பேட்டிகளில் எனக்கு முதலில் பட்டது ஒன்று. 1956 உங்களை உலுக்கியதா என்ற பக்கம் பேச்சைத் திருப்பினாலும், பேசுகிறவர்கள் தங்கள் ஊர் 'ரெப்'பின் பக்கமே திரும்பி வருகிறார்கள். ரெப் என்பது ரெப்பர்ட்டரி கம்பெனி: ஓர் ஊரில் நிலையாகத் தங்கி, வாரம் ஒரு நாடகம் போட்ட குழு. லண்டனை மட்டும் பார்த்து எழுதிய வரலாறுகளில் இதற்கு அரைப்பக்கம் கிடைத்தால் அதிகம். ஆனால் அந்தக் காலத்தில் பிரிட்டனில் பெரும்பாலான மக்களுக்கு நாடகம் என்றால் இதுதான்.

அந்த வாழ்க்கையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். திங்கள் இரவு புதிய நாடகம் அரங்கேறும். செவ்வாய் காலை, அடுத்த வாரத்து நாடகத்தின் முதல் அங்கத்துக்கு யார் எங்கே நிற்பது, எப்போது உட்காருவது என்று முடிவு செய்வார்கள். புதன் இரண்டாம் அங்கம், வியாழன் மூன்றாம் அங்கம். வெள்ளி, சனியில் ஓட்டம் பார்ப்பது. இடையில் ஒவ்வோர் இரவும் நடப்பு நாடகம், மதியக் காட்சியும் உண்டு. வசனம் மனப்பாடம் செய்வது இரவு வீடு திரும்பிய பிறகு. சனி இரவு காட்சி முடிந்ததும் அரங்கப் பொருள்களைப் பிரித்துப் போட்டு, ஞாயிறு முழுக்கப் புதியதைக் கட்டுவார்கள். திங்கள் பகலில் உடையணிந்த ஒத்திகை, இரவில் மறுபடி அரங்கேற்றம். சில ஊர்களில் இதையே ஒரு இரவில் இரண்டு காட்சியாகச் செய்தார்கள்.

நடிகர் தம் உடையைத் தாமே கொண்டுவர வேண்டும். ஆணென்றால் கோட்டு சூட்டும் விருந்து உடையும், பெண்ணென்றால் மாலைநேர கவுனும் வைத்திருப்பது வேலைக்கான தகுதி. சோபாவும் மேசையும் ஊர்க் கடைகளில் இரவல். கைம்மாறாக நிகழ்ச்சித் தாளில் ஒரு நன்றி வரி. அந்த இரவலை வாங்கி, தள்ளுவண்டியில் கொண்டுவந்து, உடையாமல் திருப்பிக்கொடுப்பது பதினெட்டு வயது உதவி மேடை நிர்வாகியின் பொறுப்பு. சின்ன வேடம் ஒன்றும் அவர் தலையில்தான். தங்குமிடம் வாடகை அறை. வீட்டுக்காரம்மா நடிகர்களுக்கென்றே அறை விடுபவர். காட்சி முடிந்து வரும் நேரத்துக்கு இரவுச் சாப்பாட்டை எடுத்துவைப்பவர். சுற்றுப்பயணக் குழுக்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில் மாறும் குரூ சந்திப்பு நிலையத்தில் ஒன்றையொன்று சந்தித்து, எந்த ஊரில் எந்த வீட்டில் சாப்பாடு நன்றாயிருக்கும் என்று விசாரித்துக்கொண்டன.

பார்வையாளர் பக்கமும் வளமானது. வாராவாரம் அதே நாள், அதே இருக்கை என்று நிரந்தரமாகப் பதிவு செய்தவர்கள் உண்டு. போன வாரம் கொலைகாரனாக வந்தவர் இந்த வாரம் பாதிரியார், அடுத்த வாரம் காதலன். ஊர்க்காரர்களுக்கு அவர் தங்கள் நடிகர். லண்டனின் பெரிய அரங்குகளில் கேலரி டிக்கெட்டுக்கு நிற்பவர்கள் காலையிலேயே வாடகை முக்காலி ஒன்றைப் பிடித்து, வரிசையில் தங்கள் இடத்தில் அதை வைத்துவிட்டுப் போவார்கள். மதியக் காட்சியில் தேநீர்த் தட்டு இருக்கைக்கே வரும். அடுத்த அங்கம் தொடங்கிய பிறகும் கோப்பைகள் கிலுங்கிக்கொண்டிருக்கும். தேசிய கீதம் ஒலித்தால் எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். இவற்றை எந்த விமர்சகரும் எழுதவில்லை. அன்றாடம் நடப்பதை யார் எழுதுவார்கள்? எழுதப்படாததால் கிட்டத்தட்ட மறைந்தே போயிருக்கும்.

கதையை மறந்தவர்கள்கூட இந்தச் சின்னப் பொருள்களை மறப்பதில்லை. என்ன நாடகம் என்று கேட்டால் தடுமாறுவார்கள். கதாநாயகியின் உடை என்ன நிறம், கேலரிப் படிக்கட்டு எவ்வளவு செங்குத்து, யாரோடு போனோம் என்பது தெளிவாக வரும். நாடகத்தை மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கு இதைவிட நேரான சாட்சியம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இங்கேதான் 1956இன் கதை இன்னொரு தடவை உடைகிறது. பழைய ரெப் உலகத்தை உடைத்து வந்தவர் என்று சொல்லப்படும் ஆஸ்பர்ன், ரெப் நடிகராகப் பிழைத்தவர். 'லுக் பேக் இன் ஆங்கர்' நாடகத்தை 1955இல் மோர்கம்ப் கடற்கரை ஊரில் ஒரு சாதாரண வாடிக்கை நாடகத்தில் நடித்துக்கொண்டே, சில வாரங்களில் எழுதி முடித்தார். 'தி ஸ்டேஜ்' என்ற தொழில் இதழில் வந்த விளம்பரத்தைப் பார்த்துத்தான் ராயல் கோர்ட்டுக்கு அனுப்பினார். ஹெரால்டு பின்டர் டேவிட் பேரன் என்ற பெயரில் ஊர் ஊராக நடித்தவர். 1954இல் ஈஸ்ட்போர்னில் அவர் தங்கிய வாடகை அறையின் நினைவிலிருந்து 'தி பர்த்டே பார்ட்டி'யின் கடற்கரை விடுதி வந்தது. புதிய நாடகம் ரெப்பின் தங்கும் விடுதிகளுக்குள்ளேயே விளைந்தது. இந்த இருவரின் வாழ்க்கையும் அச்சில் இருந்ததுதான். ஆனால் ரெப் எப்படி இயங்கியது என்பதை நூற்றுக்கணக்கான குரல்கள் சொன்ன பிறகே, அந்தத் தகவலுக்கு எடை வந்தது. டான் ரெபெல்லட்டோ 1999இல் எழுதிய '1956 அண்ட் ஆல் தட்' நூல் 'முன்–பின்' என்ற பிரிவினையை ஆவணங்களைக் கொண்டு அசைத்தது. மிச்சத்தைக் குரல்கள் செய்தன.

குரல்கள் இல்லாவிட்டால் முற்றிலும் கைநழுவிப் போகும் இடம் ஒன்று உண்டு. 1843ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொது அரங்கில் போடும் எந்தப் புதிய நாடகத்தின் பிரதியும் அரண்மனை அதிகாரியான லார்ட் சேம்பர்லேனின் அனுமதியைப் பெற வேண்டியிருந்தது. அனுமதித்த பிரதியிலிருந்து ஒரு வரி மாறினாலும் குற்றம். இந்தத் தணிக்கையின் தயவால் 1824 முதல் 1968 வரையிலான பிரதிகள் இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் குவிந்து கிடக்கின்றன. ஆய்வாளருக்குப் பெரும் புதையல். ஆனால் ஸ்ட்ராட்ஃபோர்டு ஈஸ்ட் பகுதியில் ஜோன் லிட்டில்வுட் நடத்திய தியேட்டர் வொர்க்‌ஷாப் போன்ற குழுவை அந்தக் குவியலில் தேடினால் ஏமாற்றம்தான். அவர்கள் ஒத்திகையில் மாற்றுவார்கள், அரங்கேறிய பிறகும் மாற்றுவார்கள். நடிகர்கள் சொந்தமாகச் சேர்ப்பார்கள்.

1957இல் அவர்கள் போட்ட ஹென்றி சாப்மனின் 'யூ வோன்ட் ஆல்வேஸ் பி ஆன் டாப்' ஒரு கட்டட வேலைத்தளத்தில் நடப்பது. மேடையிலேயே செங்கல் சுவர் எழும்பும். அதில் ஒரு தொழிலாளி, சர்ச்சிலின் குரலில் பொதுக் கழிப்பறை ஒன்றைத் திறந்துவைப்பதாக ஓர் இடம் வளர்ந்துவிட்டது. அனுமதித்த பிரதியில் அது இல்லை. லார்ட் சேம்பர்லேனின் ஆட்கள் பார்வையாளர்களோடு வந்து உட்கார்ந்து குறிப்பெடுத்தார்கள். 1958இல் வழக்கு நடந்தது. லிட்டில்வுட்டும் மற்றவர்களும் சிறு அபராதத்தோடு தப்பினார்கள். பிரதி சொல்லாததை உளவு பார்க்க வந்தவரின் குறிப்பு சொல்கிறது. அவர் எழுதாத மிச்சத்தை, எந்த இரவு எந்த வசனம் புதிதாக முளைத்தது, அரங்கம் எப்படிச் சிரித்தது என்பதை, நடித்தவர்களும் பார்த்தவர்களும்தான் சொல்ல வேண்டும். குழுவிலேயே இருந்த ஹோவர்டு கூர்னி 1981இல் தம் சகாக்களின் நினைவுகளைத் திரட்டிக் குழுவின் வரலாற்றை எழுதினார். 1963இன் 'ஓ வாட் எ லவ்லி வார்' யாருடைய படைப்பு, லிட்டில்வுட்டுடையதா, முதல் உலகப் போர்ச் சிப்பாய்களின் பாடல்களை வானொலிக்காகத் தொகுத்த சார்லஸ் சில்டனுடையதா, நடிகர்கள் எல்லோருடையதுமா என்பதில் இன்றும் ஆளுக்கொரு பதில். எனக்கு இந்தக் கருத்து வேற்றுமையைத் தீர்த்துவைக்க விருப்பமில்லை. கூட்டாக நாடகம் செய்தால் உரிமையின் நினைவும் இப்படித்தான் பலவாக இருக்கும்.

நினைவை அப்படியே நம்பிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. முதல் ஆபத்து, பேட்டிக்கு முன்வருபவர்கள் நாடகத்தை நேசித்தவர்கள். ஒருமுறை போய்ச் சலித்துத் திரும்பியவரும், 1955இல் வணிகத் தொலைக்காட்சி வந்ததும் அரங்கை மறந்தவரும் முன்வருவதில்லை. ஊர் ரெப்புகள் ஒவ்வொன்றாக மூடியது அவர்களால்தான் என்பதால், இது சிறிய இழப்பு அல்ல. இரண்டாவது, நடிகர்களின் வேடிக்கைக் கதைகள். கதவு திறக்காமல் சிக்கிக்கொண்டதும், ஒரு நாடகத்தின் வசனத்தை இன்னொன்றில் சொன்னதும் ஆயிரம் தடவை சொல்லி மெருகேறியவை. யாருக்கு நடந்தது என்றே தெரியாமல் எல்லோருக்கும் நடந்ததாகச் சொல்லப்படுபவை. அவற்றைச் சிரித்துக் கேட்டுவிட்டு, வாரச் சம்பளம் எவ்வளவு, அறை வாடகை போக என்ன மிஞ்சியது, உடம்புக்கு முடியாத நாளில் யார் உங்கள் வேடத்தைப் படித்தார்கள் என்று கேட்கத் தெரிந்தவரே நல்ல பேட்டியாளர். மூன்றாவது, கேட்பவரே பதிலை ஊட்டிவிடுவது. '1956 பெரிய மாற்றம்தானே?' என்று மாணவர் கேட்டால், பண்புள்ள முதியவர் ஆமென்பார். பழைய நிகழ்ச்சித் தாள் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்தால் வேறு விஷயங்கள் வரும்.

ஆகவே இந்தத் தொடரில் இனி நான் கடைப்பிடிக்கப்போகும் முறை இது. தேதிக்கும் வசூலுக்கும் காகிதத்தையே நம்புவேன். அரங்கத்தின் உள்ளே என்ன நடந்தது என்பதற்குக் குரல்களை நம்புவேன். இரண்டும் மோதும் இடத்தில் அவசரப்பட்டு எதையும் தள்ளமாட்டேன். 1956 மே 8 அப்படிப்பட்ட இடம். அந்த இரவு ஒரு நல்ல நாடகம் அரங்கேறியது. புரட்சி நடந்ததாக நாடு பின்னர் முடிவு செய்துகொண்டது. சூயஸ் தோல்வியும் அதே ஆண்டின் இறுதியில்தான் வந்தது. உடைந்துபோன ஓர் ஆண்டுக்கு ஒரு நாடகமும் வேண்டியிருந்தது. இஸ்திரிப் பலகையின் கதை அந்தத் தேவையிலிருந்து பிறந்தது என்பதே என் முடிவு.

அடுத்த இதழில் 1958க்குப் போகிறோம்: மே மாதம், ஒரே வாரத்தில் மூடப்பட்ட பின்டரின் நாடகமும், அதே மாதம் ஸ்ட்ராட்ஃபோர்டு ஈஸ்டில் அரங்கேறிய பத்தொன்பது வயது ஷீலா டெலானியின் 'எ டேஸ்ட் ஆஃப் ஹனி'யும்.

அதற்குள் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். படிக்கவும் மருத்துவப் பயிற்சிக்கும் சட்டத்துக்கும் என்று 1950களிலும் 60களிலும் தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் பிரிட்டனுக்குப் போனவர்கள் உண்டு. உங்களிலோ உங்கள் வீட்டுப் பெரியவர்களிலோ அப்படி யாரேனும் அங்கே கேலரியில் உட்கார்ந்து ஒரு நாடகம் பார்த்திருந்தால், அதை எழுதி அனுப்புங்கள். எந்த ஊர், யாரோடு போனீர்கள், டிக்கெட்டுக்கு என்ன கொடுத்தீர்கள், பக்கத்து இருக்கைக்காரர் உங்களிடம் எப்படி நடந்துகொண்டார், எது புரியவில்லை என்பது போதும். நாடகத்தின் பெயரும் ஆண்டும் நினைவில்லை என்றாலும் அனுப்புங்கள். அவற்றை நாங்கள் தேடிக்கொள்கிறோம்.